நீருக்குப் பங்காளிகள்

மேட்டிலே வீணாக ஓடும் நீரைப் பள்ளத்திலே காய்ந்து கிடக்கும் வயலுக்குக் கொண்டுசெல்வது நன்றா, தீதா என்று கேட்டால், நன்று என்றே எவரும் விடை கூறுவர். அவ்விடையிலே தவறில்லை. ஆனால் 'வீணாக' என்ற சொல்லிலே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அந்நீர் ஓடும் வழியிலே அதனைக் குடித்தவர் யார், குளித்தவர் யார், வாசலிலுள்ள கத்தரிக் கன்றுக்கு ஒரு வாளி ஊற்றியவர் யார் என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே ஒரு நீரை வீண் என்று சொல்லலாம். எண்ணிப் பாராமற் சொல்லிவிட்டால், நீரோடு சேர்த்து மனிதர் சிலரையும் அச்சொல் ஒதுக்கிவிடுகிறது. ஊவா மாகாணத்தின் அண்மைக்கால வரலாறு இக்கேள்வியை நம் முன்னே நிறுத்தியுள்ளது. பலருக்கு நீர் கொடுக்கும் பொருட்டுச் சிலருடைய நீரை எடுக்கலாமா? எடுக்கலாமெனின், எந்த நிபந்தனையின் மேல் எடுக்கலாம்?

நீர்ப்பாசனத்தின் பெருமையைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழிலக்கியம் அறிந்த எவரும் அவ்வாறு பேச முடியாது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழையின் சிறப்பையே பாடினார். குடபுலவியனார் என்ற புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் புகழ் வேண்டுமாயின் நீர்நிலைகளைப் பெருக்குக என்று துணிந்து கூறியதைப் புறநானூறு பாதுகாத்து வைத்திருக்கிறது. வானத்துத் துளியொன்றும் மக்களுக்குப் பயன்படாமற் கடலிலே சேரலாகாது என்று கருதிய பராக்கிரமபாகுவின் நினைவு சிங்கள மக்களின் உள்ளத்திலே இன்னும் வாழ்கிறது. ஒரு குளம் என்பது பசிக்கு எதிராகச் சமுதாயம் எடுத்த கூட்டு முயற்சி. வெல்லவாயவிலும் மொனராகலையிலும் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன விவசாயிக்கு ஒரு வாய்க்கால் வருகிறதென்றால், அதனை வரவேற்காத முற்போக்காளன் முற்போக்காளனே அல்லன்.

இந்த ஒப்புதலோடு உமா ஓயாவின் கதைக்கு வருவோம். பிதுருதலாகலை மலைச்சாரலிலே தோன்றி, வெலிமடைப் பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு நிலங்களையும் நெல்வயல்களையும் நனைத்துக்கொண்டு ஓடி, ரந்தெம்பைக்கு அருகே மகாவலியோடு கலப்பது அந்த ஆறு. அதன் நீரின் ஒரு பகுதியை மலைத்தொடரைக் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டத்துக்கு 2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே இலங்கை, ஈரான் நாடுகளின் சனாதிபதிகள் அடிக்கல் நாட்டினர். புஹுல்பொலையிலும் டயரபாவிலும் இரண்டு அணைகள். அவற்றை இணைக்க ஏறத்தாழ 4 கிலோமீற்றர் சுரங்கம். டயரபாவிலிருந்து மலையின் வயிற்றினூடாக ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான தலைச்சுரங்கம். அதன் முடிவிலே 120 மெகாவாற் மின்சாரம் தரும் நிலக்கீழ் மின்நிலையம். ஆண்டுதோறும் 145 மில்லியன் கன மீற்றர் நீர். அதனாற் பயன்பெறும் ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் நிலம். இதுவே திட்டம். ஐம்பது கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட இந்த முயற்சி 2024 ஏப்ரல் 24ஆம் திகதி இரு நாட்டுத் தலைவர்களாலும் திறந்து வைக்கப்பட்டது.

இவ்விரு விழாக்களுக்கும் இடையிலேதான் பண்டாரவளைப் பகுதி மக்களின் கதை இருக்கிறது. 2014 டிசெம்பரிலே சுரங்கம் துளைக்கும் இயந்திரம் நீர் பொதிந்த பாறைப் பிளவொன்றைத் திறந்துவிட்டது. நீர் சுரங்கத்துள்ளே பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின. 2017ஆம் ஆண்டிலே மீண்டும் பெருங்கசிவு ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளிலே சுவர்கள் வெடித்தன, ஊற்றுக்கள் மறைந்தன, வயல்களும் மரக்கறித் தோட்டங்களும் காய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றைத் தவிர வேறொன்றையும் அறியாத மக்கள் தண்ணீர் பவுசருக்காகத் தெருவோரத்திலே வாளியோடு நின்றனர். அவ்வாண்டு யூன் மாதத்திலே பண்டாரவளையின் கடைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர்.

இதன் காரணம் மந்திரமன்று. ஊவாவின் மலைகள் பழமையான உருமாறிய பாறைகளாலானவை. அப்பாறை கடற்பஞ்சு போல் நீரை உறிஞ்சுவதில்லை. பிளவுகளிலும் வெடிப்புக்களிலும் நீரைச் சேமித்து வைக்கிறது. மழை பெய்யும் மாதங்களிலே இப்பிளவுகள் நிறைகின்றன. காயும் மாதங்களிலே ஊற்றாகவும் கிணறாகவும் அந்த நீர் மெல்ல மெல்ல வெளிவருகிறது. அடியிலே ஒரு சுரங்கத்தைக் குடைந்து, அதன் சுவரை உரிய காலத்திலே நீர் புகாவண்ணம் அடைக்காவிட்டால், பல பிளவுகளுக்கும் ஒரே வடிகாலாக அச்சுரங்கம் ஆகிவிடுகிறது. நீர் இறங்கிய மண் இறுகி அமிழ்கிறது. அதன்மேல் நிற்கும் வீடு வெடிக்கிறது. இத்தனையும் நிலவியல் மாணவன் முதலாண்டிலே படிக்கும் பாடம்.

இதனை விபத்து என்று சொல்லி முடித்துவிடுவோர் உளர். இயந்திரம் ஒரு குறித்த நாளிலே ஒரு குறித்த பிளவைத் திறந்தது விபத்தாகலாம். ஆனால் அந்த விபத்து யாருடைய கூரையின்கீழ் நிகழலாம் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நிறைவுற்று அங்கீகாரம் பெற்றது அடிக்கல் நாட்டிய பின்னரே. அதாவது, 'செய்யலாமா?' என்ற கேள்வி 'செய்வோம்' என்ற விடைக்குப் பின்னே வந்தது. மருத்துவன் கத்தியை வைத்த பின்னர் நோயாளியின் உடல்நிலையை விசாரிப்பது போன்றது இது. ஆபத்து வரக்கூடும் என்பதை அறிந்திருந்தோர் ஆபத்தைத் தாங்கவேண்டியவர்களல்லர். ஆபத்தைத் தாங்கவேண்டியவர்கள் அதனை அறிந்திருக்கவில்லை. இங்கேதான் பொறியியற் குறைபாடு அறக்குறைபாடாக மாறுகிறது.

இனி, இழந்தவர் யார் என்று பார்ப்போம். கிணறு வற்றியவனுக்குக் கிணறு ஒன்று இருந்தது. சுவர் வெடித்தவனுக்குச் சுவர் ஒன்று சொந்தமாயிருந்தது. அவனுடைய இழப்பைப் படம் பிடிக்கலாம், அளக்கலாம், உறுதிப்பத்திரத்தோடு சேர்த்துக் கச்சேரியிலே கொடுக்கலாம். இழப்பீடு போதுமானதாக வந்ததா, காலத்திலே வந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்பதற்கு அவனுக்கு ஒரு வாய் இருந்தது. அந்த வாய் உறுதிப்பத்திரமே. அதே மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. லயத்திலே வாழும் தொழிலாளிக்கு லயம் சொந்தமன்று. லயம் நிற்கும் நிலம் சொந்தமன்று. அவன் குளிக்கும் பீலி சொந்தமன்று. பீலிக்கு நீர் தரும் ஊற்று சொந்தமன்று. அந்த ஊற்று மெலிந்து போனால் அவன் இழந்தது என்ன? சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவனுடைய மனைவி கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மாலையிலே இன்னொரு மைல் நடந்து குடம் சுமக்கிறாள். அந்த ஒரு மைலுக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

ஆசிரியத் தொழிலிலே இருப்பவன் இதனைத் தினமும் காண்கிறான். ஆடி, ஆவணி மாதங்களிலே ஊவாச் சரிவுகளிலே கச்சான் வீசும். அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி விலை பெற்றுத்தரும் மணத்தைக் கொடுக்கிறது. அந்தக் காற்றே பீலியின் நீரையும் நூலாக மெலியச் செய்கிறது. தேயிலை மணக்கும் மாதங்களிலே எங்கள் வகுப்பில் முதற்பாடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளைகளின் தொகை கூடும். கேட்டால், 'பீலியில வரிசை சேர்' என்பார்கள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். வரவுப் பதிவேட்டிலே 'பிந்தி' என்று எழுதலாம். ஏன் என்று எழுத அதிலே இடமில்லை. அப்பிள்ளை ஆண்டுக்கு எத்தனை மணித்தியாலம் நீருக்காகக் கொடுக்கிறாள் என்பதை எந்தத் திணைக்களமும் கணக்கிட்டதில்லை. ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றிலே அந்த மணித்தியாலங்கள் அத்தனையும் வந்து நிற்கின்றன.

இது நமது தீவுக்கு மட்டும் உரிய நோயன்று. நர்மதை ஆற்றிலே சர்தார் சரோவர் அணைக்கு 1961ஆம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டினார். 2017ஆம் ஆண்டிலே அது திறந்து வைக்கப்பட்டது. நீர்ப்பங்கீடு குறித்து 1979ஆம் ஆண்டு வெளிவந்த தீர்ப்பாயத்தின் முடிவு, நிலத்துக்கு நிலம் என்ற உயர்ந்த கொள்கையை வகுத்தது. ஆனால் அது நிலம் வைத்திருந்தவனுக்கே பொருந்தியது. காட்டிலே விறகும் ஆற்றிலே மீனும் பிறர் நிலத்திலே கூலியும் பெற்று வாழ்ந்த பழங்குடி மகனிடம் கொடுத்து வாங்க நிலமில்லை. கால்வாய் வெட்டியதால் நிலமிழந்தோரும் அணையினாற் பாதிக்கப்பட்டோர் என்ற பட்டியலிலே சேர்க்கப்படவில்லை. நீர் ஒருவனுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கொண்டன்றி, அவனிடம் எவ்வளவு உடைமை இருந்தது என்பதைக் கொண்டே உலகெங்கும் இழப்பு அளக்கப்படுகிறது. உடைமையில்லாதவனுக்கு இழப்புமில்லை என்ற முடிவு அந்த அளவுகோலிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த அளவுகோல் ஊவாவுக்கு எப்படி வந்தது என்பதை வரலாறு கூறும். 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவா, வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை கிராமங்களைக் கொளுத்தியது. பயிரையும் மாட்டையும் நீர்ப்பாசன வேலைகளையும் அழித்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய சொத்தென்று கொள்ள வழிசெய்தது. கிராமவாசியின் வயலுக்கு மேலேயிருந்த காடு, அவன் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மட்டுமன்றி அவன் வாய்க்காலின் ஊற்றுக்கும் காவலாயிருந்தது. அக்காடு கோப்பியாகியது, பின்னர் தேயிலையாகியது. 1856ஆம் ஆண்டு ஆளுநர் வார்டின் காலத்திலே வந்த நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பழைய நீர்ப்பங்கீட்டு வழமைகளுக்கு உயிர் கொடுக்க முயன்றது. ஆனால் மேலேயுள்ள காட்டை ஒரு சட்டத்தாற் பறித்துவிட்டுக் கீழேயுள்ள வாய்க்காலை இன்னொரு சட்டத்தாற் காப்பாற்றுவது எங்ஙனம்? 1880களிலே நெல்வரி கட்ட இயலாத மலைநாட்டு உழவர்களின் வயல்கள் ஏலம் போயின. 1892ஆம் ஆண்டிலேதான் அவ்வரி நீக்கப்பட்டது.

1853ஆம் ஆண்டு இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், கீழ்த்திசை அரசுகளுக்குத் தொன்று தொட்டு மூன்று துறைகள் இருந்தன என்றார்: வரி, போர், பொதுவேலை. பிரித்தானியர் முன்னைய இரண்டையும் ஏற்றுக்கொண்டு மூன்றாவதை அடியோடு புறக்கணித்தனர் என்பது அவர் கண்ட முடிவு. ஊவாவின் வயல்கள் அதற்குச் சான்று கூறும். சுதந்திர இலங்கையின் அரசு மூன்றாவது துறையை மீட்டெடுத்தது. 1949ஆம் ஆண்டு கல்லோயா வேலை தொடங்கியது. 1970களிலே மகாவலித் திட்டம் பெருகியது. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951ஆம் ஆண்டின் அறிக்கையிலே மலைநாட்டுக் கிராமங்களின் வறுமையை நாட்டின்முன் வைத்தது. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் 'பொதுவேலை' என்ற தொடரிலே 'பொது' என்பது யாரைக் குறித்தது?

தோட்டத் தொழிலாளியைக் குறிக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் முடிக்குரிய காணி பகிரப்பட்டபோது இந்திய வம்சாவளித் தொழிலாளிக்கு அதிலே இடம் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவனைத் தலை எண்ணிப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்படுவதற்கு. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலே. அதற்குள் பெரிய அணைகள் கட்டி முடிந்துவிட்டன, வாய்க்கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன, காணிகள் பங்கிடப்பட்டுவிட்டன. பந்தியெல்லாம் முடிந்து இலை எடுத்த பின்னர் வாசற்கதவு திறக்கப்பட்டது.

அப்பந்திக்கு அரிசி கொடுத்தவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். இந்நாட்டின் அந்நியச் செலாவணியிலே பெரும்பகுதியைப் பல பத்தாண்டுகளாகத் தேயிலையே ஈட்டித் தந்தது. அரசின் வருவாயிலே தேயிலை ஏற்றுமதி வரிக்குப் பெரும் பங்கிருந்தது. வறண்ட வலயத்தின் குளங்களும் அணைகளும் அந்த வருவாயிலிருந்தும் எழுந்தவையே. நமுனுகுலையின் சாரலிலே விடியற்காலைப் பனியிலே பிரட்டுக்கு நின்றவளின் விரல்கள் தொலைவிலுள்ள ஓர் அணைக்குக் கல் வைத்தன. அந்த அணையின் நீரிலே ஒரு துளிகூட அவள் குடத்துக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நீர் இயற்கையின் கொடை, அதிலே எவர் உழைப்பும் கலக்கவில்லை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மலைநாட்டிலே இது முழு உண்மையன்று. காடழிந்த சரிவிலே பெய்யும் மழை மண்ணை வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கும். கீழேயுள்ள குளத்தைச் சேற்றால் நிரப்பும். அதனைத் தடுப்பவை தேயிலை மலையிலே குறுக்கே வெட்டப்படும் கான்கள், கல்லுக்கட்டுக்கள், மண் தேங்கும் குழிகள். கான் வெட்டும் தொழிலாளி மழைநீரின் வேகத்தைக் குறைக்கிறான். மண்ணைப் பிடித்து வைக்கிறான். நீரை நிலத்துள்ளே இறங்கச் செய்கிறான். தோட்ட நிருவாகம் செலவைச் சுருக்கக் கான் வேலையை நிறுத்தினால், அதன் விளைவைச் சில ஆண்டுகளிலே பள்ளத்து விவசாயி தன் வாய்க்காலிலே காண்பான். ஆகவே கான் வெட்டுபவனும் நீர்ப்பாசனத் தொழிலாளியே. வெல்லவாயவின் வயலை அடையும் தெளிந்த நீரிலே ஊவா மலையின் உழைப்பும் கலந்திருக்கிறது. பண்டத்திலே கலந்த உழைப்புக்குப் பங்கு கேட்பது நியாயமென்றால், நீரிலே கலந்த உழைப்புக்குப் பங்கு கேட்பதும் நியாயமே. மேட்டு மக்கள் இரக்கத்துக்குரிய பயனாளிகளல்லர். அவர்கள் நீருக்குப் பங்காளிகள்.

இனி, எதிர்வாதத்தைக் கேட்போம். மிகப் பலருக்கு மிகப் பெரும் இன்பம் தருவதே நற்செயல் என்றார் ஆங்கில அறிஞர் பெந்தாம். நம் அமைச்சர்கள் அவருடைய நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவருடைய கூட்டல் கணக்கை அறிவார்கள். இத்தனை ஆயிரம் ஹெக்டேயர், இத்தனை மெகாவாற், இத்தனை குடும்பம் ஒரு பக்கம். வற்றிய கிணறுகள் மறுபக்கம். கூட்டிக் கழித்தால் மீதி நன்மையே. இந்தக் கணக்கிலே கூட்டலிற் பிழையில்லை. கணக்கு எழுதும் முறையிலேதான் பிழை. ஒரு மனிதன் தன் பல்வலி தீரப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான். வலியும் அவனுடையது, சுகமும் அவனுடையது, அவனே தீர்மானிக்கிறான். ஒருவன் பல்லைப் பிடுங்கி மற்றொருவன் வலியைத் தீர்ப்பதாக இருந்தால், இரண்டையும் ஒரே ஏட்டிலே எழுதிக் கழிக்க முடியாது. வகுப்புகளாகப் பிளவுபட்ட சமுதாயத்தை ஓர் உடம்பென்று பேசுவோர், எப்பொழுதும் அதே விரலை வெட்டுவதை மறைக்கிறார்கள்.

'நாட்டுக்காகச் சிலர் தியாகம் செய்யத்தான் வேண்டும்' என்ற சொல்லும் அடிக்கடி கேட்கிறது. தியாகம் என்பது உயர்ந்த சொல்; அதனை மலிவாக்கலாகாது. தியாகம் செய்பவன் தான் எதைக் கொடுக்கிறான் என்பதை அறிவான். கொடாதிருக்கவும் அவனால் முடியும். அறிந்து, இயன்று, கொடுக்கிறான். கேட்கப்படாதவனிடமிருந்து எடுக்கப்பட்டதைத் தியாகம் என்பது, களவு கொடுத்தவனைக் கொடையாளி என்று புகழ்வதற்கு ஒப்பாகும். பண்டாரவளையின் விவசாயி உமா ஓயாவுக்காகக் கிணற்றைத் தியாகம் செய்யவில்லை. ஒரு காலையிலே எழுந்து பார்த்தான், கிணற்றிலே நீரில்லை.

'பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொருவனும் சம்மதித்தாற்றான் வேலை தொடங்கலாமென்றால், நாட்டிலே ஒரு மதகுகூடக் கட்ட முடியாது; வெல்லவாய விவசாயியின் தாகமும் அநீதியல்லவா?' இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை கூறுவோம். மேட்டிலே பிறந்தான் என்பதற்காக ஒருவன் மழைக்கு முதலாளியாகிவிட மாட்டான். திட்டத்தை மறுத்துத் தள்ளும் தனியதிகாரம் மேட்டு மக்களுக்கு உண்டென்று நான் வாதிடவில்லை. அத்தகைய அதிகாரம் நீரைத் தனியுடைமையாக்கும், அது முற்போக்கன்று. ஆனால் மறுக்கும் அதிகாரம் இல்லை என்பதாற் கேட்கப்படும் உரிமையும் இல்லையென்று ஆகிவிடாது. ஒரு பொதுநன்மை உண்மையிலே பொதுவானதாயிருக்க மூன்று நிபந்தனைகளை அது நிறைவேற்ற வேண்டும் என்பேன்.

முதலாவது, ஆபத்தைத் தாங்கப்போகிறவன் அதனை முன்னரே, தன் மொழியிலே, அறிய வேண்டும். ஒவ்வோர் ஊற்றும் பீலியும் கிணறும், யார் பெயரிலே உறுதி இருக்கிறது என்பதைப் பாராமல், வேலை தொடங்குமுன் பதியப்பட வேண்டும். இரண்டாவது, எடுக்கப்பட்டது எதுவோ அதுவே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். நீர் போயிற்றென்றால் நீர் வர வேண்டும். பணம் உடைமைக்கு ஈடாகலாம். தினமும் குடிக்கும் நீருக்கு ஈடாகாது. உடைமையே இல்லாதவனுக்கு அந்தப் பணமும் வராது. மூன்றாவது, நன்மையிலே பங்கு வேண்டும். மலையைக் குடைந்து மின்சாரமும் நெல்லும் பெறும் நாடு, அதன் வருவாயிலே ஒரு பகுதியை அந்த மலையின் குடிநீருக்கும் நிலப்பாதுகாப்புக்கும் ஒதுக்குவது தருமமன்று, கடன்.

அறிவித்தல் மட்டும் போதாது என்பதற்குப் பதுளை மாவட்டமே இன்னொரு பாடம் தருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை. கையகல நிலமும் சொந்தமில்லாதவனிடம் 'இவ்விடத்தை விட்டுப் போ' என்று சொல்வது எச்சரிக்கையாகுமா? பண்டாரவளையிலே நீர் இல்லாமற் போனதும், மீரியபெத்தையிலே நீர் மிகுந்து மண் இளகியதும் எதிரெதிரான இரு நிகழ்ச்சிகள் போலத் தோன்றும். மலைமேல் யார் வாழ்கிறார்கள் என்பதைக் கணக்கிலே சேர்க்காத ஒரே மனப்பான்மை இரண்டிலும் தெரிகிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டிலே அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. முதலாளி மாறினான், லயத்தின்கீழுள்ள நிலம் தொழிலாளிக்கு வரவில்லை. அண்மைக் காலத்திலே சில குடும்பங்களுக்குக் கிடைத்துள்ள ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் நல்ல தொடக்கம். ஆனால் காணிப் பத்திரத்தோடு நீருக்கான உரிமையும் எழுதப்பட்டாலன்றி, புதிய வீட்டுப் பெண்ணும் பழைய பீலிக்கே குடம் தூக்கிச் செல்வாள்.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கையும் தேவை. இக்கேள்வியை மேடு எதிர் பள்ளம் என்றோ, தமிழ்த் தொழிலாளி எதிர் சிங்கள விவசாயி என்றோ ஆக்க விரும்புவோர் இருக்கிறார்கள். பண்டாரவளையிலே கிணறு வற்றியவர்களிற் பெரும்பாலோர் சிங்கள உழவர்களே என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள். 1840ஆம் ஆண்டிலே காட்டை இழந்தவனின் பேரனும், அந்தக் காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்டவனின் பேரனும் ஒரே மலையிலே, ஒரே பிளவின் நீரை நம்பி வாழ்கிறார்கள். பள்ளத்து விவசாயியும் நீர் வந்தவுடன் விடுதலை பெற்றுவிடுவதில்லை. வாய்க்கால் வரும்; விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்க வேண்டும்; அறுவடைக் காலத்திலே நெல்லின் விலையை ஆலை முதலாளி தீர்மானிப்பான். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டபோது, நீர் நிறைந்த வாய்க்காலின் கரையிலேயே விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவனையும் எவரும் கேட்கவில்லை. மேட்டவனைக் கேளாமல் நீரை எடுத்த அதிகாரமும், பள்ளத்தவனைக் கேளாமல் உரத்தை நிறுத்திய அதிகாரமும் ஒரே பழக்கத்திற் பிறந்தவை. இவ்விருவரும் ஒருவரையொருவர் பங்காளிகள் என்று அறிந்துகொள்ளும் நாளிலேதான் நீர்ப்பங்கீடு அரசியற் பிரச்சினையாக உரிய வடிவம் பெறும்.

ஆசிரியர்களாகிய நாம் அணை கட்டுவதில்லை, சட்டம் இயற்றுவதுமில்லை. எனினும் நம்மாற் செய்யக்கூடிய வேலையொன்று உண்டு. ஊவாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் கிராமத்திலும் உள்ள ஊற்றுக்களையும் பீலிகளையும் கிணறுகளையும் நம் மாணவரைக் கொண்டே பதியச் செய்யலாம்: எங்கே இருக்கிறது, எத்தனை குடும்பம் குடிக்கிறது, எந்த மாதத்திலே மெலிகிறது, எந்த ஆண்டிலே மறைந்தது. தமிழ்ப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் சேர்ந்து செய்தால் மலையின் முழுப் படமும் கிடைக்கும். புவியியற் பாடத்துக்கு அது செயன்முறை. குடியியற் பாடத்துக்கும் அதுவே செயன்முறை. நாளை இன்னொரு சுரங்கத்துக்கு அடிக்கல் நாட்ட எவரேனும் வந்து, இங்கே நீர் வீணாக ஓடுகிறது என்று சொன்னால், அந்தப் பதிவேட்டை மேசைமீது வைத்து, முதலில் இதைப் படியுங்கள் என்று சொல்ல நம்மால் இயலும்.